எண்ணில் வராத அடி

தாராவி மும்பையின் நடுவில் இருக்கிறது. 90 அடி சாலையை விட்டு உள்ளே போனால் எங்கும் சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். முன்பு தோல் பதனிடும் வேலைக்கு வந்தார்கள். இன்று பல வேலைகள் செய்கிறார்கள். விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிறார்கள்.

இப்படி ஒரு சந்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பத்தடி வீடு. ஒரு மூலையில் அடுப்பு. ஒரு மூலையில் பாத்திரம் கழுவும் மோரி. இட்லிக்கு அரிசி ஊறுகிறது. ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார்.

வாசலில் ஓர் இளம்பெண் வந்து நிற்கிறார். கையில் கேள்வித்தாள்.

"பெண்களோட உடல்நலம் பத்திக் கேட்க வந்திருக்கேன் அக்கா. கொஞ்ச நேரம் பேசலாமா?"

"பேசலாம் தங்கச்சி. உள்ள வா. ஆனா எங்க வீட்டுல சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. அவரு நல்லவரு."

வந்த பெண் சிரிக்கிறார். வயது, படிப்பு, குழந்தைகள் என்று மெதுவாகக் கேட்கிறார். பிறகு குரலைத் தாழ்த்துகிறார்.

"போன 12 மாசத்துல உங்க வீட்டுக்காரர் உங்களைக் கன்னத்துல அறைஞ்சது உண்டா அக்கா?"

அந்தப் பெண்ணின் கை நிற்கிறது.

"அறைவாரு. எந்த வீட்டுலதான் இல்ல?"

"முடியைப் பிடிச்சு இழுத்தது?"

"உண்டு."

"காலால உதைச்சது?"

பதில் வரவில்லை. அந்த நேரத்தில் மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். இளம்பெண் சட்டென்று பக்கத்தைப் புரட்டுகிறார்.

"தண்ணி எத்தனை மணிக்கு வருது அக்கா? எத்தனை குடம் பிடிப்பீங்க?"

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றும் ஆய்வுப் பணியில் உண்மையாகப் பின்பற்றப்படுவது. வீட்டுக்குள் பெண்கள் படும் துன்பத்தை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? அதனால் யாருக்கு என்ன நன்மை? பார்ப்போம்.

போலீஸ் கணக்கு போதாதா?

ஒரு பெண் அடிபட்டால் போலீசில் புகார் கொடுக்கலாம். புகார்களை எண்ணினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள்.

போலீஸ் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அதை வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 4,45,256 வழக்குகள் பதிவாயின. அவற்றில் 100-க்கு 31 வழக்குகள் கணவரோ அவர் உறவினரோ செய்த கொடுமை பற்றியவை. ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் வழக்குகள்.

இது பெரிய எண் போலத் தெரிகிறது. ஆனால் இது காவல் நிலையத்தின் படியேறியவர்களின் கணக்கு. படியேறாதவர்கள் எத்தனை பேர்?

அந்தத் தாராவிப் பெண்ணை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் போலீசுக்குப் போவாரா? போனால் இரவு எங்கே தங்குவார்? பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே அவர் போவதில்லை. அவர் பட்ட அடி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு சோறு பதம்

நாட்டில் உள்ள எல்லாப் பெண்களையும் கேட்க முடியுமா? முடியாது. அவசியமும் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் பெரிய அண்டாவில் சமைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். அடியில் குழைந்திருக்கும். மேலே நறுக்கென்று இருக்கும். மேலே மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கரண்டியை உள்ளே விட்டுக் கிளறி, பல இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

ஆய்விலும் அப்படித்தான். நகரம், கிராமம், ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் அதில் வர வேண்டும். தெரிந்தவர் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. கதவைத் திறந்தவர் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வான வீடு பூட்டியிருந்தால் திரும்பவும் போவார்கள்.

தேவ்னாரிலிருந்து ஒரு கணக்கு

செம்பூரை அடுத்துத் தேவ்னார் இருக்கிறது. அங்கே பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் உள்ளது. 1956-இல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் சுகாதாரத் துறைக்காக இந்த நிறுவனம் தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்தி வந்திருக்கிறது. முதல் ஆய்வு 1992-93-இல் நடந்தது. அதில் குழந்தைப் பிறப்பு, தடுப்பூசி, சத்துக்குறைவு பற்றிக் கேட்டார்கள். அடிபட்ட பெண்களைப் பற்றிக் கேட்கவில்லை.

1998-99-இல் நடந்த 2-வது ஆய்வில்தான் அதைக் கேட்டார்கள். 15 வயதுக்குப் பிறகு யாராவது உங்களை அடித்ததுண்டா, உடலைத் துன்புறுத்தியதுண்டா என்று கேட்டார்கள். திருமணமான பெண்களில் 100-க்கு 21 பேர் உண்டு என்றார்கள்.

2005-06-இல் 3-வது ஆய்வு நடந்தது. கணவரின் அடியையோ பாலியல் கொடுமையையோ அனுபவித்ததாகத் திருமணமான பெண்களில் 100-க்கு 37 பேர் சொன்னார்கள்.

ஏழு ஆண்டுகளில் ஆண்கள் இத்தனை கெட்டுப்போனார்களா? அப்படிச் சொல்ல முடியாது. கேள்வி மாறியிருந்தது.

கேள்வியில் இருக்கிறது சூட்சுமம்

"உங்களுக்குக் கொடுமை நடக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் இல்லை என்பார்கள். பொய் சொல்வதாக அர்த்தமில்லை. ஓர் அறையை அவர்கள் கொடுமையாக நினைப்பதில்லை. ரத்தம் வந்தால்தான், எலும்பு முறிந்தால்தான் கொடுமை என்று பழகிவிட்டார்கள்.

ஆகவே 3-வது ஆய்வில் கொடுமை என்ற சொல்லை விட்டுவிட்டு, நடந்த செயலை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தள்ளினாரா? பொருளைத் தூக்கி எறிந்தாரா? கையை முறுக்கினாரா? முடியை இழுத்தாரா? அறைந்தாரா? குத்தினாரா? உதைத்தாரா? கழுத்தை நெரித்தாரா? சூடு வைத்தாரா? கத்தியைக் காட்டி மிரட்டினாரா? விருப்பம் இல்லாதபோது உடலுறவுக்குக் கட்டாயப்படுத்தினாரா?

இதற்கெல்லாம் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். நல்லவரா கெட்டவரா என்று கணவரைத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "அவரு நல்லவரு" என்று தொடங்கிய பெண் "அறைவாரு" என்று சொன்னது அதனால்தான்.

கேட்கிற காலமும் முக்கியம். "வாழ்நாளில் எப்போதாவது" என்பது ஒரு கேள்வி. "கடந்த 12 மாதத்தில்" என்பது வேறு கேள்வி. முதலாவது பழைய காயத்தையும் சேர்த்து எண்ணும். இரண்டாவது இன்றைய நிலையைக் காட்டும். இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்காது. எண்ணைப் பார்க்கும்போது எந்தக் கேள்விக்கு வந்த விடை என்று பார்க்க வேண்டும்.

கேட்பதிலும் ஆபத்து உண்டு

தண்ணீர் பற்றிக் கேட்டால் யாருக்கும் கேடு இல்லை. அடி பற்றிக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கே கேடு வரலாம். "வீட்டு விஷயத்தை வெளியே சொன்னாயா?" என்று மறுபடி அடி விழலாம்.

அதனால் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய ஆய்வுக்குச் சில விதிகளை வகுத்தது. பெண்ணின் பாதுகாப்புதான் எல்லாவற்றிலும் முதன்மையானது என்பதே அவற்றின் சாரம்.

கேட்பவர் பயிற்சி பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும். தனிமையில் கேட்க வேண்டும். யாராவது வந்தால் பேச்சை மாற்ற வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும். அப்போது மற்றவர்களுக்கு இந்தக் கேள்விகள் தெரியாது. ஊருக்குள் இதை "அடிதடி ஆய்வு" என்று சொல்லக் கூடாது. பெண்கள் நல ஆய்வு என்றே சொல்ல வேண்டும். பேசப் போகும் பெண்ணுக்கு மட்டும் விவரத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். பிடிக்காத கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்விலும் தனிமை கிடைக்காவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு எண் குறைந்தால் குறையட்டும், ஒரு பெண்ணுக்கு அடி கூடக் கூடாது என்பதே காரணம்.

மும்பை குடிசைப் பகுதிகளில்

தனிமை வேண்டும் என்று சொல்வது எளிது. பத்தடி வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? நடுவில் ஒரு தகரம்தான். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். இருந்தும் மும்பையில் இந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் பச்சிளங்குழந்தைகளுக்கான மருத்துவர். தாராவி மக்கள் நாடிப்போகும் சயான் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர். அவர் 1999-இல் சினேகா என்ற அமைப்பை மும்பையில் தொடங்கினார். தாய் சேய் நலத்துக்காகத் தாராவியில் வேலை செய்தபோது வீட்டு வன்முறையையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக ஆலோசனை மையம் தொடங்கினார்கள். பகுதியில் வாழும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கினி என்று பெயர். தோழி என்று பொருள்.

சினேகாவின் ஆய்வாளர்கள் மும்பையின் இரண்டு பெரிய குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 18 முதல் 49 வயது வரையுள்ள 5,122 பெண்களிடம் பேசினார்கள். முடிவுகள் 2020-இல் வெளியாயின. முந்தைய ஓராண்டில் நடந்ததைத்தான் கேட்டார்கள்.

100 பெண்களில் 13 பேர் வீட்டில் அடிபட்டிருந்தார்கள். 4 பேர் பாலியல் கொடுமையை அனுபவித்திருந்தார்கள். 19 பேர் மனத்தைப் புண்படுத்தும் கொடுமையை அனுபவித்திருந்தார்கள்.

இந்த ஆய்வு அடியோடு நிற்கவில்லை. வெளியே போகவிடாமல் தடுப்பது போன்ற அடக்குமுறைகளையும் கேட்டது. 100-க்கு 35 பேர் அப்படி ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். 10 பேர் உணவு, உறக்கம், மருத்துவம் ஆகியவற்றில் கவனிப்பாரில்லாமல் விடப்பட்டிருந்தார்கள்.

இன்னொரு எண்ணைப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களைக் கண்டு பயமாக இருக்கிறது என்று 100-க்கு 33 பேர் சொன்னார்கள். அடிபட்டவர்களைவிடப் பயந்தவர்கள் அதிகம். அடி விழாத நாளிலும் பயம் வீட்டில் இருக்கிறது.

அடித்தவர் யார் என்றும் கேட்டார்கள். பெரும்பாலும் கணவர். ஆனால் மனத்தைப் புண்படுத்தும் கொடுமையில் புகுந்த வீட்டாருக்கும் சம பங்கு இருந்தது. வயது குறைந்த பெண்கள், மிக ஏழைப் பெண்கள், உடல் ஊனமுற்ற பெண்கள் அதிகம் துன்பப்பட்டார்கள்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

எழுத்தைப் படிக்கக் கற்றது போல எண்ணையும் படிக்கக் கற்க வேண்டும்.

5-வது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. 6,36,699 வீடுகளுக்குப் போனார்கள். 7,24,115 பெண்களிடம் பேசினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வன்முறை பற்றிக் கேட்டார்கள். திருமணமான பெண்களில் 100-க்கு 29 பேர் கணவரின் கொடுமையை வாழ்நாளில் எப்போதாவது அனுபவித்திருந்தார்கள். நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் இது கோடிக்கணக்கான பெண்கள். போலீஸ் கணக்கில் ஓராண்டில் 1 லட்சத்து 40 ஆயிரம்தான். எத்தனை அடிகள் ஏட்டில் ஏறவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

மாநிலக் கணக்கும் உண்டு. கர்நாடகத்தில் 100-க்கு 44 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். மகாராஷ்டிரத்தில் 25 பேர். தமிழ்நாட்டில் நிலைமை நன்றாக இல்லை என்பதை இது உரக்கச் சொல்கிறது. அதே நேரத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. துணிந்து சொல்பவர்கள் அதிகமானாலும் எண் கூடும். பயந்து மறைப்பவர்கள் அதிகமானால் எண் குறையும். எண் குறைவாக இருந்தால் அங்கே அடி குறைவு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

"எல்லாம் குடியால் வருவது" என்று சொல்வார்கள். கணவர் அடிக்கடி குடித்து வெறி ஏறுபவர் என்றால் 100 மனைவியரில் ஏறத்தாழ 70 பேர் கொடுமையை அனுபவித்திருக்கிறார்கள். குடி பெரிய கேடு என்பது உண்மை. ஆனால் குடிக்காத கணவர்களின் மனைவியரிலும் 100-க்கு 23 பேர் அனுபவித்திருக்கிறார்கள். குடியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

"இதெல்லாம் குடிசையில்தான். மாட்டுங்காவின் மாடி வீடுகளில் இருக்காது" என்றும் சொல்வார்கள். நாடு முழுவதும் எடுத்த கணக்கு வேறு சொல்கிறது. மிக ஏழைப் பெண்களில் 100-க்கு 39 பேர் அடிபட்டிருக்கிறார்கள். மிக வசதியானவர்களில் 17 பேர். பள்ளிக்கே போகாத பெண்களில் 40 பேர். 12 வகுப்பு முடித்தவர்களில் 18 பேர். படிப்பும் வசதியும் உள்ள இடத்தில் அடி குறைகிறது. ஆனால் நின்றுவிடவில்லை. மாடி வீட்டில் சுவர் கெட்டியாக இருக்கிறது, சத்தம் வெளியே வருவதில்லை.

எல்லாவற்றிலும் வருத்தமான எண் ஒன்று உண்டு. அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்த பெண்களில் உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். 77 பேர் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கணக்கெடுக்க வந்த பெண்ணிடம்தான் அவர்களில் பலர் முதல்முறையாக வாய் திறந்திருப்பார்கள்.

எண் என்ன செய்யும்?

எண் அடியைத் தடுக்காது. ஆனால் "இது ஏதோ ஒரு வீட்டில் நடப்பது" என்று இனி யாரும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் மையம் கேட்கும்போதும், அரசிடம் பணம் ஒதுக்கக் கேட்கும்போதும் எண் கையில் இருக்க வேண்டும்.

பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடின. 1983-இல் கணவர் வீட்டாரின் கொடுமை சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. 1984-இல் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு தனிப் பிரிவு தொடங்கியது. அதைத் தொடங்கியது தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறியது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டம் நான்கு வகைக் கொடுமைகளைச் சொல்கிறது. உடலைத் துன்புறுத்துவது. பாலியல் கொடுமை. சொல்லாலும் செயலாலும் மனத்தைப் புண்படுத்துவது. பணமும் பொருளும் தராமல் வதைப்பது. பெண்ணை வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு. அதற்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

மறுபடியும் அந்த வீடு

மாமியார் காய்கறிப் பையை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார். இளம்பெண் விட்ட இடத்துக்கு வருகிறார்.

"காலால உதைச்சது உண்டா அக்கா? சொல்ல இஷ்டமில்லன்னா வேண்டாம்."

"உண்டு. சின்னவன் வயித்துல இருந்தப்ப." அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். "இதை எங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

கேள்விகள் முடிகின்றன. தாளில் அவர் பெயர் இல்லை, ஓர் எண் மட்டுமே இருக்கிறது. நாளை அந்த 100 பேரில் அவரும் ஒருவர்.

"உதவி வேணும்னா ஒரு போன் நம்பர் இருக்கு அக்கா. எழுதித் தரட்டுமா?"

"காகிதம் வேண்டாம் தங்கச்சி. அவரு கண்ணுல படும். வாயால சொல்லு."

"181. பெண்கள் உதவி எண். ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் பேசலாம். அவசரம்னா 112."

அந்தப் பெண் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறார். "ஒண்ணு, எட்டு, ஒண்ணு." பிறகு ஊறிய அரிசியை எடுத்துக்கொண்டு மாவாட்டப் போகிறார்.

பேசிப் பாருங்கள்

1. "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்கிறார்கள். அப்படி மறைப்பதால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?

2. உங்கள் பகுதியில் ஒரு பெண் அடிபட்டால் முதலில் யாரிடம் போவார்? அவர் என்ன சொல்வார்?

3. குடிக்காத கணவர்களும் அடிக்கிறார்கள். அப்படியானால் வேறு என்ன காரணங்கள் இருக்கும்?

4. 181, 112 ஆகிய எண்களை மனப்பாடம் செய்யுங்கள். படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள்.